ஓக்ரியா – ‘கணுப்பூண்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சில செடிகளின் தண்டில் கணுவைச் சுற்றி நிற்கும் சவ்வுக் குழலைத் தாவரவியலில் ‘ஓக்ரியா’ (ochrea) என்பார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> ‘இலையடிச்செதிலுறை’ என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

சரிதான் ஐயா. இலைக்காம்பின் அடியில் வரும் சிறு செதில்களான இலையடிச்செதில்கள் ஒன்றுகூடித் தண்டைச் சுற்றிக் குழலாக நிற்பதுதான் ஓக்ரியா. ஆனால் செடியை இனங்காணும் குறிப்பில் இந்தச் சொல் அடிக்கடி வரும். ‘கிழிந்த இலையடிச்செதிலுறை’, ‘மயிருள்ள இலையடிச்செதிலுறை’ என்று அடுக்கினால் படிக்கிற பிள்ளைகள் மூச்சு முட்டிப் போவார்கள். ‘கணுவுறை’ என்று வைத்தால் சின்னதுதான், ஆனால் புல்லின் இலையுறையும் கணுவில்தான் தொடங்குகிறது. இரண்டும் குழம்பும்.

என் பரிந்துரை ‘கணுப்பூண்’. உலக்கைப் பூண் தெரியாத வீடு செட்டிநாட்டில் கிடையாது. மரத்தை வளையமாகக் கவ்வி நிற்கும் அந்தப் பூணைப் போலத்தான் இதுவும் கணுவைக் கவ்வி நிற்கிறது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் அகன்ற இலையோடு நிற்கும் ரூமெக்ஸ் நேபாலென்சிஸ் என்ற செடியைப் பாருங்கள். பூ இல்லாத நாளில் கீரை என்றே தோன்றும். அப்போது மேல்கணுவைப் பார்க்க வேண்டும். மெல்லிய சவ்வு தண்டைச் சுற்றியிருக்கும். இளந்தளிர் அதற்குள்தான் வழவழவென்ற பசையோடு சுருண்டு கிடக்கும். கீழ்க்கணுக்களில் அதே சவ்வு பழுப்பேறிக் கிழிந்து தொங்கும், சில இடத்தில் உதிர்ந்தும் போயிருக்கும். அதனால் அடியை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

கணுப்பூண் குடும்பத்தைக் காட்டும்; இனத்தைச் சொல்வது காய்தான். பூவின் மூன்று உள்ளிதழ்கள் பெருத்து, மூன்று பட்டையுள்ள கொட்டையை மூடிக்கொள்ளும். நேபாலென்சிஸில் அவற்றின் விளிம்பில் கொக்கி கொக்கியாக முள் இருக்கும். அதன் உறவான ரூமெக்ஸ் கிரிஸ்பஸில் அந்தக் கொக்கிகள் கிடையாது.

மலைக்குப் போக முடியாதவர்களுக்குக் காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரையே போதும். அங்கே நீரோரம் வளரும் ஆற்றலரியும் ரூமெக்ஸின் குடும்பம்தான். சந்தையில் சுக்கான்கீரை கிடைத்தால் இன்னும் நல்லது, அதுவும் ஒரு ரூமெக்ஸ் வகையே. அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலத்தால் வருவது.

> பூண் என்றால் இரும்பு. இதுவோ வெறும் சவ்வு.

பெயர் வடிவத்தையும் இடத்தையும் சொன்னால் போதும் என்பது என் கருத்து. மென்மையைச் சொல்ல ‘சவ்வுக் கணுப்பூண்’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், ஆற்றலரி வகைகளைப் பிரிக்கும்போது ‘கணுப்பூண் விளிம்பில் நீண்ட மயிர் உண்டு’, ‘மயிர் இல்லை’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கலில்லாமல் வருகிறது.

காயை மூடும் மூன்று இதழ்களுக்கு நம் குழுவில் ஓர் அம்மா முன்வைத்த ‘பொதியிதழ்’ எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இல்லையென்றால் ‘கணுப்பூண்’, ‘பொதியிதழ்’ இரண்டையும் சேர்த்தே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து