நோயாளியைப் பார்த்துக்கிற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு அக்கம்பக்கம் என்ன செய்யலாம்? பார்த்ததைச் சொல்லுங்க

வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், பெருந்துறை பக்கம்:

லைன் வீடுகள்ல அடிக்கடி பார்க்கிறதுங்க இது. அம்மா பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாங்க. பக்கவாதத்துல படுத்திருக்கிற அமுச்சியை எட்டாவது, ஒம்பதாவது படிக்கிற பேத்திதான் பார்த்துக்கும். "பொறுப்பான புள்ள"ன்னு வளவே (சுத்தியிருக்கிற வீடுங்க எல்லாம்) சொல்லும். எப்படித் தூக்கணும்னு மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

முதல் தப்பு, விழுந்த பக்கத்துக் கையை, அதாவது வாதத்துல செயலிழந்த கையை, புடிச்சு இழுக்கிறது. அந்தத் தோள் மூட்டைத் தசை இறுக்கிப் புடிச்சிருக்காது. இழுத்தா மூட்டு நழுவி மாசக்கணக்குல வலிக்கும். அக்குள்ல கை குடுத்துத் தூக்கினாலும் அதே கேடுதான்.

நாற்காலியை நல்ல கை இருக்கிற பக்கமா, கட்டிலை ஒட்டிப் போடுங்க. சக்கர நாற்காலின்னா பிரேக்கைப் போட்டுடணும். கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிசம் உட்கார வெச்சுப் பாருங்க. தலை சுத்துனா திரும்பப் படுக்க வெச்சிடுங்க. பாதம் ரெண்டும் தரையில பதியணும், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி இருக்கணும். இடுப்பைச் சுத்தி கெட்டியான துண்டைக் கட்டி, ரெண்டு பக்கமும் அதையே புடிக்கணும். விழுந்த காலோட முழங்காலுக்கு நம்ம முழங்காலை முட்டுக் குடுக்கணும். "முன்னாடி குனியுங்க"ன்னு சொல்லி, மூணு எண்ணி, எழுப்பித் திருப்பி உட்கார வெக்கணும். 35 கிலோ புள்ள 60 கிலோ ஆளைத் தனியா இப்படி எழுப்பக் கூடாது; சின்ன வயசுலயே இடுப்பு போயிடும். பக்கத்து வீட்டுக்காரங்க உதவணும்னா இங்கதான் கைகுடுக்கணும். காலையில ஏழு மணிக்கு ஒருத்தர், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர், பத்துப் பத்து நிமிசம் வந்தாப் போதும். "எப்ப வேணா கூப்பிடு கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனா புள்ளைங்க கூப்பிடாதுங்க.

படுக்கையில மேல நகர்த்த, பழைய சேலையை நாலா மடிச்சு முதுகுக்கும் இடுப்புக்கும் கீழ விரிச்சு வெச்சிருங்க. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு சேலையோட தூக்கணும். உடம்பை இழுத்தா தோல் உரசிக் கிழியும், அங்கிருந்துதான் படுக்கைப்புண் ஆரம்பிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வெக்கணும். ஏர் பெட் வாங்கிப் போட்டா திருப்ப வேண்டியதில்லைன்னு நெனைக்கிறாங்க, அதுலயும் திருப்பணுங்க. ராத்திரித் திருப்புறதை அம்மாவும் வேற பெரியவங்களும் பங்கு போட்டுக்கணும். புள்ளைக்குத் தூக்கம் கெட்டா முதல்ல அடிபடுறது படிப்பு.

சோறு ஊட்டும்போது நேரா உட்கார வெச்சு, சின்ன கரண்டியில குடுங்க. இருமுனாலோ, குரல் கரகரன்னு நனைஞ்ச மாதிரி கேட்டாலோ உடனே நிறுத்திடணும். முழுங்கச் சிரமப்படுறவங்களுக்குக் கூழை விடப் பச்சைத் தண்ணிதான் சீக்கிரம் புரையேறும். விழுந்த பக்கக் கன்னத்துல சோறு ஒதுங்கியிருக்கான்னு பார்த்துட்டு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் படுக்க வெக்கணும்.

அரசுப் பள்ளி ஆசிரியை, பல்லடம்:

முதல் பீரியடுக்கே தினமும் தாமதமா வர்ற புள்ளையை வகுப்புல எல்லார் முன்னாடியும் காரணம் கேட்டா வாயே திறக்காது. தனியாக் கூப்பிட்டு, "வீட்ல யாருக்குக் கண்ணு முடியல?"ன்னு நேராக் கேட்டா சொல்லிடும். தண்ணி வர்ற நாள்ல மட்டும் லீவு போடுற புள்ளைங்களும் உண்டு. அதுக்கு வளவுல ஒருத்தர் பத்துக் குடம் புடிச்சு வெச்சாலே அந்த லீவு நின்னு போகும்.

உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தர்றவர், ஈரோடு:

மிஷன் வாத்சல்யாங்கிற ஒன்றிய அரசோட குழந்தைகள் நலத் திட்டத்துல நிதி ஆதரவு மாசம் 4,000 ரூபாய், 18 வயசு வரைக்கும். அப்பா அம்மா உயிர்க்கொல்லி நோயிலயோ, புள்ளையைப் பார்த்துக்க முடியாத உடல்நிலையிலயோ இருந்தாலும் கேட்கலாம். விதவைகளோட புள்ளைங்களுக்கு மட்டும்னு பல பேரு நெனைச்சு விட்டுடுறாங்க. குடும்ப வருமானம் வருசத்துக்குக் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விண்ணப்பிக்கணும். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாத்துலயும் பேரு ஒரே மாதிரி இருக்கான்னு முதல்லயே பாருங்க. இனிஷியல் மாறினதுக்கே மனு திரும்பி வரும். அந்தச் சின்னப் புள்ளையை இதுக்காக ஆபீஸ் ஆபீஸா அலைய விடாதீங்க. பெரியவங்க யாராச்சும் ஒரு நாள் லீவு போட்டுட்டுக் கூடப் போங்க.

சுகாதாரத் தன்னார்வலர், சென்னிமலை பக்கம்:

2021 ஆகஸ்ட் 5ல தமிழக அரசு தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமில்லைங்க. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆனா நாங்க வர்றது பகல்ல. புள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கும், கதவு பூட்டியிருக்கும். மாத்திரையை எந்த வீட்ல குடுக்கணும்னு முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க.

நோம்பிக்கு ஒரம்பரை (சொந்தக்காரங்க) வந்தா பலகாரத்தோட நிறுத்திக்காம, அன்னிக்கு நோயாளியைக் குளிப்பாட்டுற வேலையை வாங்கிக்கோங்க. புள்ளை வெளிய போய் விளையாடட்டும்.

கேள்வி, காங்கயம்: இடுப்புல கட்டுன துண்டு மேல ஏறி நெஞ்சுல சிக்குதுங்க, என்ன பண்றது?

செவிலியர்: படுத்திருக்கும்போது கட்டினா அப்படித்தான் ஏறும். ஓரத்துல உட்கார வெச்சப்புறம், இடுப்பெலும்புக்கு மேல, சட்டைக்கு வெளிய கட்டுங்க. ரெண்டு விரல் நுழையுற அளவு போதும்.