ஐடெம்பொட்டன்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
வலை நிரலாக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று கொடுக்க வேண்டும். படிவம் அனுப்பியவர் பக்கத்தைப் புதுப்பித்தால் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை போவது பற்றி ஓர் இயல். உலாவியும் வழங்கியும் (server) பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறியில் கெட் (பெறு), புட் (வை), டெலீட் (அழி) ஆகிய கட்டளைகளை எத்தனை முறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவுதான். படிவத்தை அனுப்பும் போஸ்டுக்கு அந்த உறுதி இல்லை. ஐடெம்பொட்டன்ட் (idempotent) என்ற அந்தப் பண்புக்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும்.
– கு.

கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் 1870இல் இயற்கணிதத்துக்காக ஆக்கிய சொல். தன்னோடு தன்னைப் பெருக்கினாலும் அதுவே வரும். கணக்கில் நமக்கு 'அடுக்கு' இருக்கிறதே! தன்னடுக்கு.
– வே.

ஐயா, அடுக்கு என்றால் என் மாணவர்கள் 'பாம்பு பாம்பு' என்பார்கள். அஞ்சல் அடுக்கக் கூடாது என்பதற்கா அந்தப் பெயர்? பேசாமல் ஐடெம்பொட்டன்ட் என்றே எழுதலாம்.
– ம.

வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது அம்மா. போகட்டும், 'இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம். வந்த அஞ்சல்கள் பிரிந்தும் பொருள் தருவதால் இது அடுக்குத்தொடரே. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று கூறியது கூறல். அதன் மறுதலையாகக் 'கூறியது கூறாமை' எனலாமா?
– வே.

இரண்டாம் முறையும் கூறத்தான் செய்கிறது ஐயா. அழித்ததையே அழிக்கச் சொன்னால் 'கிடைக்கவில்லை' என்னும் 404 பதில் வரலாம், ஆனால் வழங்கியின் நிலை மாறாது.
– கு.

சொல் கிடக்கட்டும். புதுப்பித்தலை மட்டும் குற்றம் சொன்னால் இயல் அரைகுறை. அஞ்சலின் முடிவைக் குறிக்கும் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் பெறும் வழங்கி 250 (ஏற்றுக்கொண்டேன்) என்று பதில் தரத் தாமதித்தால், அனுப்பியவர் பக்கம் பொறுமையிழந்து இன்னொரு தடவை அனுப்பும். முதலாவதும் போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கென்றே 1988இல் ஆர்எஃப்சி 1047 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தை எழுதினார்கள். படிவத்தைப் பெற்ற கையோடு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது இதற்கு உதவாது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் அடையாள எண் வைத்து, போனதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு என் பங்கு: மாறாவிளைவு.
– தி.

அது மாறிலியோடு குழம்பும். ஒருவிளைவு?
– ம.

சரி, ஒருவிளைவு.
– தி.

நன்றி. ஒருவிளைவு என்றே கொடுக்கிறேன். 1047ஐயும் சேர்த்துவிட்டேன்.
– கு.

ஒரே ஒரு விளைவு உடையது என்றல்லவா பொருள்படும்? எனக்கு உடன்பாடில்லை. சொல்லடைவிலாவது 'தன்னடுக்கு, காண்க: ஒருவிளைவு' என்று போடுங்கள். அப்புறம், 'விளைவு' வேளாண்மையிலிருந்து வந்தது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– வே.