ஒரு டயரில் மட்டும் வாரந்தோறும் காற்று இறங்குகிறது, டியூப் போட்டுவிடலாமா?

கேட்டவர்: கோத்தகிரிவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய சிறிய கார் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு சக்கரங்களும் அலாய் வீல். டியூப்லெஸ் டயர்கள் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவின் சிகிச்சைக்காக வாரம் ஒருமுறை அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அன்று மாலையே திரும்பி ஏறுகிறேன். காற்றை மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் நிரப்பும் இடத்திலேயே 33 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பிக்கொள்வது வழக்கம்.

கடந்த இரண்டு மாதங்களாகப் பின்பக்க இடது டயர் மட்டும் ஒவ்வொரு வாரமும் 25க்கு இறங்கிவிடுகிறது. மற்ற மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லை. இதே டயரில் சென்ற ஆண்டு ஆணி ஏறி, ரப்பர் திரி வைத்துப் பஞ்சர் ஒட்டியிருந்தோம். அந்த இடத்தில்தான் கசிகிறது என்று எண்ணி இரண்டு கடைகளில் காட்டினேன். இருவரும் டயரின் மேற்பரப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சர் எதுவும் இல்லை என்றார்கள். ஒருவர் உள்ளே டியூப் போட்டுவிடச் சொல்கிறார். மற்றவர் பஞ்சர் ஜெல் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். வீட்டில் உள்ளவர்களோ, மலையின் குளிராலும் உயரத்தாலும் காற்று குறைகிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார்கள்.

அம்மாவைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் இந்த ஒரு டயர்தான் என் நினைவில் நிற்கிறது. எந்த யோசனை சரியானது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: உதகை இயற்பியல் ஆசிரியர்

குளிரும் உயரமும் காரணமா என்ற பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அழுத்தமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அன்று. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. மேட்டுப்பாளையத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ.; கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் அது ஏறத்தாழ 11. ஆகவே கீழே 33 நிரப்பிய டயரை, வெப்பநிலை மாறாமல், உதகைக்கு ஏற்றிவிட முடிந்தால் அது 36 காட்டும். உயரம் மட்டும் என்றால் அளவு கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. ஆனால் வெப்பநிலை மாறாமல் இருப்பதில்லை. கீழே 34 டிகிரி வெயிலில் நிரப்பிய காற்று, இங்கே விடியற்காலையில் 8 டிகிரிக்குக் குளிரும்போது 4 பி.எஸ்.ஐ. வரை இழக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் அளவு 32க்கு அருகில் வந்து நிற்கும். கோத்தகிரி உதகையைவிடத் தாழ்வானது, குளிரும் சற்றுக் குறைவு. அங்கே வேறுபாடு இதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இதைவிட எளிய சான்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. குளிரும் உயரமும் நான்கு டயர்களுக்கும் பொதுவானவை. மூன்று டயர்கள் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் 8 பி.எஸ்.ஐ. இழக்கிறது என்றால், அந்தச் சக்கரத்தில் எங்கோ வழி இருக்கிறது. உங்கள் டயரின் உட்கொள்ளளவை 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவு காற்று வெளியேறுகிறது. சரியான இடத்தில் சோப்பு நீர் பட்டால் நுரை தெரியாமல் இருக்காது. எனவே இதுவரை பார்க்காத இடத்தில் பார்க்க வேண்டும்.

பதில் 2: குன்னூர் டயர்க்கடை

ஆசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மலையில் ஓடும் வண்டிகளில் இத்தகைய மெதுவான கசிவு பெரும்பாலும் டயர் ரப்பரில் இருப்பதில்லை, ரிம்மில்தான் இருக்கும்.

டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைப்பது டியூப். டியூப்லெஸ் சக்கரத்தில் அந்த வேலையை மூன்று இடங்கள் பகிர்ந்துகொள்கின்றன. டயரின் உட்புறம் முழுவதும் பியூட்டைல் வகை ரப்பரால் ஆன ஒரு மெல்லிய உறை ஒட்டியிருக்கிறது. அது காற்றை எளிதில் ஊடுருவ விடாது. டயரின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பி பொதிந்த தடித்த விளிம்பு இருக்கிறது. காற்றின் அழுத்தமே அதை ரிம்மோடு இறுக்கி வைக்கிறது. மூன்றாவது இடம் வால்வு. அது ரிம்மின் துளையில் செருகிய ரப்பர் தண்டுதான். இந்த மூன்றில் எது கெட்டாலும் காற்று போகும். உங்களுக்குப் பார்த்த இரண்டு கடைகளிலும் டயரின் மேற்பரப்பை மட்டும் சோதித்திருக்கிறார்கள். விளிம்பையும் வால்வையும் யாரும் தொடவில்லை.

இங்கே மூடுபனியும் மழையும் ஆண்டின் பெரும்பகுதி இருக்கின்றன. டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடுக்கில் ஈரம் தங்கி, அலாய் வீலில் வெள்ளைப் பொடி போன்ற அரிப்பு உண்டாகிறது. இரும்பு ரிம் என்றால் துரு. அந்தப் பொடி வளர வளர டயர் விளிம்பை மெல்லத் தூக்கிவிடும். வெளிப்பக்கம் பளபளப்பாக இருக்கும். பிரேக் பக்கம் இருக்கும் உள்விளிம்பில்தான் முதலில் அரிக்கும். வண்டியிலேயே வைத்துப் பார்த்தால் அது கண்ணில் படாது. சக்கரத்தைக் கழற்றி, 35 வரை காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்து இரண்டு பக்கங்களையும் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். குழியில் அடிபட்டு ரிம் வளைந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

டியூப் போடும் யோசனையை நான் ஏற்கவில்லை. டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூபுக்காகச் செய்யப்பட்டதன்று. அங்கே உள்ள வரிகளிலும் ஒட்டுத்தாள்களிலும் டியூப் உரசிச் சூடாகும். பழைய பஞ்சர் திரியின் முனையே டியூபைக் குத்திவிடக்கூடும். அதற்கும் மேலாக, டியூப்லெஸின் முதன்மையான நன்மையை நீங்களே விலக்கிவிடுகிறீர்கள். ஆணி ஏறினால் டியூப் கிழிந்து, காற்று வால்வுத் துளை வழியாக ஒரேயடியாகப் போய்விடும். டியூப்லெஸ் டயரில் ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்வதால் காற்று மெல்லத்தான் இறங்கும். ஒதுங்க நேரம் கிடைக்கும்.

ஜெல் உங்கள் நோய்க்கு மருந்தே அன்று. சக்கரம் சுழலும்போது அது டயரின் மேற்பரப்புக்கு உட்புறமாகப் போய்ப் பரவுகிறது; கசிவு இருக்கும் ரிம் ஓரத்தை அது அடைத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. பின்னாளில் உள்ளிருந்து பேட்ச் ஒட்ட வேண்டி வந்தால், அந்தப் பிசுக்கைத் துடைத்தெடுப்பதற்குள் எங்களுக்கு அரைநாள் போய்விடும். சிலவகை ஜெல் ரிம்மையும் அரிக்கும்.

டயரைக் கழற்றும்போது இன்னொன்றையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த காற்றில் இரண்டு மாதம் ஓடிய டயர் இது. உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் உதிர்ந்திருந்தாலோ, பக்கச்சுவரைச் சுற்றி வளையம்போல் தேய்ந்த கோடு இருந்தாலோ, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயரை மீண்டும் மாட்டக் கூடாது.

பதில் 3: கூடலூர் ஓட்டுநர்

பேருந்தும் லாரியுமாக மலைப்பாதையில் நெடுங்காலம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தம்பி, கசிவைச் சரிசெய்யும் வரை ஒவ்வொரு முறை புறப்படும்போதும் காற்றைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். கீழே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். காற்று குறைந்த டயர் நேர்ச்சாலையில் தன் குறையைக் காட்டாது. கொண்டை ஊசி வளைவில் பாரம் முழுவதும் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும்போது பக்கச்சுவர் மடங்கி, உங்களுடையதுபோல் பின் டயர் என்றால் வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். மிகவும் குறைந்துவிட்டால் டயர் விளிம்பே ரிம்மைவிட்டு விலகவும் கூடும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ரிம்முக்கும் டயருக்கும் போகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் பிரேக் காய்ந்து ஓரமாக நின்ற வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இரண்டாம் கியரில் இறங்குங்கள். இறங்கியவுடன் காற்றை அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று திறந்துவிடாதீர்கள். அது சூட்டினால் ஏறிய அளவு. ஆறியபின் பார்த்தால் தேவைக்கும் கீழே போயிருக்கும்.

ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலையில் கிடக்கும் கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் டியூப்லெஸும் உதவாது. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டவும் முடியாது.

பதில் 4: உதகையிலிருந்து ஒரு சகோதரி

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஸ்கூட்டரில் டியூப்லெஸ் டயர்கள் உள்ளன. பஞ்சரே ஆகாமல் இருப்பதற்காக முன்கூட்டியே ஜெல் ஊற்றி வைக்கலாமா?

பதில் 5: குன்னூர் டயர்க்கடை

வேண்டாம் அக்கா. ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் நாள்தோறும் தனியாகப் போகிறவர் என்றால் அவசரத்துக்காக ஊற்றி வைப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஊருக்குள் ஓட்டுபவருக்கு அந்தப் பணம் வீண். டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது இருசக்கர வாகனங்களுக்கான சட்ட அளவு. காருக்கு அது 1.6. நனைந்த சாலையில் அந்த எல்லை வரை காத்திருக்காமல் முன்பே மாற்றிவிடுவது நல்லது. ஜெல்லுக்குச் செலவிடும் பணத்தை அதற்குச் சேர்த்து வையுங்கள்.

பதில் 6: கோத்தகிரிவாசி

நீங்கள் சொன்னபடியே சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் வைத்துப் பார்க்கச் செய்தேன். வெளிப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. திருப்பி வைத்ததும் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய நுரை வரிசையாகக் கிளம்பியதைப் பார்த்தபோது, இரண்டு மாதக் குழப்பம் ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. வால்வின் அடியிலும் ரப்பர் வெடித்திருந்தது. டயரை எடுத்துவிட்டு, ரிம்மில் இருந்த வெள்ளை அரிப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுரண்டித் துடைத்து, விளிம்பில் பூசும் கறுப்புப் பசையைத் தடவி, புதிய வால்வு போட்டு, பேலன்சிங் செய்து மாட்டினார்கள். டயரின் உட்புறத்தில் தூளோ வளையமோ இல்லை. பழைய திரியை நீக்கிவிட்டு, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (துளையை அடைக்கும் தண்டும் ஒட்டும் சேர்ந்த காளான் வடிவ ஒட்டு) ஒட்டச் செய்தேன். ஆணித் துளை மேற்பரப்பின் நடுவிலும் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்ததால்தான் அப்படி ஒட்ட முடிந்தது, ஓரத்தில் இருந்திருந்தால் டயரையே மாற்றச் சொல்லியிருப்போம் என்றார்கள்.

இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. ஓட்டுநர் ஐயா சொன்னபடி வண்டி ஆறியிருக்கும் காலை வேளையில் வீட்டிலேயே அளக்கிறேன்; அளவு 33லேயே நிற்கிறது. நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு இறங்கியபோது மனத்தில் அந்தப் பாரம் இல்லை. மூவருக்கும் என் நன்றி. ஒரே ஒரு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது: மற்ற மூன்று ரிம்களையும் இப்போதே கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டுமா?

பதில் 7: குன்னூர் டயர்க்கடை

மிக்க மகிழ்ச்சி. காற்று இறங்காத சக்கரங்களைப் பிரிக்க வேண்டாம். நன்றாக உட்கார்ந்திருக்கும் விளிம்பை வீணாகப் பெயர்த்தால் அதனாலேயே கசிவு வரக்கூடும். அடுத்த முறை டயர் மாற்றும்போது மூன்று ரிம்களின் விளிம்பையும் சுரண்டச் சொல்லி, மூன்று வால்வுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை வால்வின் அடியில் மட்டும் சோப்பு நீர் தொட்டுப் பார்த்தால் போதும். வால்வு மூடி எதிலாவது காணாமல் போயிருந்தால் அதை இன்றே வாங்கிப் போட்டுவிடுங்கள். மழைச் சேறு உள்ளே போய் வால்வு ஊசியைக் கெடுத்துவிடும்.