மறு: ‘ரிஸ்க் பேஸ்டு ஆடிட் செலக்‌ஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

கடைக்காரர்கள் தாக்கல் செய்யும் வரிக் கணக்கை (ரிட்டர்னை) வைத்துக் கணினி மதிப்பெண் போட்டு, எந்தக் கடையில் தணிக்கை செய்வது என்று தேர்வதுதான் ‘ரிஸ்க் பேஸ்டு ஆடிட் செலக்‌ஷன்’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> ‘இடர்சார் தணிக்கைத் தேர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் ‘இடர்’தானே?

வங்கிக்குச் சரி, வரிக்கு ஒட்டவில்லை. இங்கே கணினி தேடுவது, வரவேண்டிய வரி எந்தக் கடையில் வராமல் நின்றிருக்கும் என்பதை. ‘இடர்மிகு வணிகர்’ என்று எழுதிவிட்டால், தணிக்கை தொடங்கும் முன்பே கடைக்காரர் குற்றவாளி ஆகிவிடுவார். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% வரி வந்தது. உடனே பலர் 26 கிலோ சிப்பத்துக்கு மாறினார்கள். அதற்கு வரி இல்லை. ரிட்டர்னை மட்டும் பார்த்தால் வரியில்லா விற்பனை திடீரென்று எகிறியிருக்கும், கடையும் கணினியின் தணிக்கைப் பட்டியலில் மேலே ஏறிவிடும். வாசலில் அடுக்கிய மூட்டையில் அச்சிட்ட எடையைப் பார்க்கும் அதிகாரிக்கு அரை நிமிடத்தில் காரணம் புரியும்.

கணினி தேர்வதா, அதிகாரி தேர்வதா என்பதை மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் சோதித்தே பார்த்தார்கள். ஓராண்டுத் தணிக்கைப் பட்டியலில் பாதியை அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள், மறுபாதியை மதிப்பெண் முறை தேர்ந்தது. அதிகாரிகள் தேர்ந்த பாதியில்தான் ஏய்ப்பு மிக அதிகமாகப் பிடிபட்டது. அதற்காக எல்லாவற்றையும் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆகிவிடும். ஏன் இந்தக் கடை என்பதற்கு எழுத்தில் காரணம் இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ‘கசிவுக்குறித் தணிக்கைத் தேர்வு’. ‘வரிக் கசிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. குறி தென்பட்டால் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவே. ‘கசிவுக்குறி மதிப்பெண்’, ‘கசிவுக்குறிப் பட்டியல்’ என்று நீட்டவும் வரும்.

> ‘கூர்ந்தாய்வு’ போதாதா?

போதாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 61ஆம் பிரிவின்கீழ் ரிட்டர்னை அலுவலகத்திலேயே சரிபார்ப்பதற்கு அந்தச் சொல் வேண்டும். 65ஆம் பிரிவுத் தணிக்கை வேறு: குறைந்தது 15 வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து, கணக்கேடுகளைப் புரட்டி, பொதுவாக 3 மாதத்தில் முடிப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், வந்த கடிதம் எது என்றே தெரியாமல் கடைக்காரர் திணறுவார்.

‘குறி’யில் ஜோசிய வாடை வருகிறது என்று யாருக்காவது தோன்றினால் ‘கசிவுத்தடயம்’ பார்க்கலாம். ஆனால் ‘தடயம்’ மறுபடியும் காவல் நிலையத்துக்குத்தான் இழுத்துப்போகும் என்று எனக்குப் படுகிறது. கணக்குத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.