ஹவாய்: ஹெலிகாப்டர்ல போய் எரிமலைக் குழம்பு பார்த்தவங்க இருக்கீங்களா?

பயணப்பை:
2025 அக்டோபர்ல ஹவாய் பெரிய தீவுக்குப் போறோம். அங்க ஹிலோங்கற ஊர்ல இருந்து ஹெலிகாப்டர் எடுத்தா குழம்பு ஓடுறதை நேர்ல பார்க்கலாம்ங்கறாங்க. குடுக்கற காசுக்குத் தேறுமா? கதவில்லாத ஹெலிகாப்டர்லதான் போகணுமா? போய் ஏமாந்தவங்களும் சொல்லுங்க.

கரிசக்காடு:
ஏமாந்த கணக்குல முதல் ஆள் நான்தான். 2019ல போனேன். அதுக்கு முந்தின வருஷமே அங்க இருக்கற கீலவேயா எரிமலை 700 வீடுகளுக்கு மேல விழுங்கிட்டு அடங்கியிருந்துச்சு. தார் கொட்டிக் காய்ஞ்ச மாதிரி மைல் கணக்குல கறுப்பு, அவ்வளவுதான். பொண்டாட்டி இன்னும் சொல்லிக்காட்டுவா.

2022 நவம்பர் 27 ராத்திரி அதே தீவுல இன்னொரு எரிமலை, மவுனா லோவா, வெடிச்சுது, 38 வருஷம் கழிச்சு. கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிப் போனேன். முதல் நாள் மேகம், பறக்கல. மறுநாள் விடியக்காலையில ஏத்திக்கிட்டாங்க.

வெடிச்சது உச்சியில தொடங்கினாலும், நான் பார்த்தப்ப வடகிழக்குச் சரிவுல மூணாவது பிளவுதான் கொட்டிட்டு இருந்துச்சு. வாய்கிட்ட மடை திறந்த கண்மாய்த் தண்ணி வேகம். கீழ வரவரப் பால்ல ஆடை படியற மாதிரி மேல கறுப்பாத் தோல் கட்டுது. தோல் கிழியற இடத்துல மட்டும் சிவப்பு. முனைக்கு வந்தா ஓட்டமே கிடையாது. சூளை சரியற மாதிரி கங்கும் கல்லுமா உருளுது. இந்த முரட்டுக் குழம்புக்கு அந்த ஊர்ப் பேரு ‘ஆஆ’. கால் வச்சவன் கத்தினதையே பேரா வச்சுட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் எடுத்தது கதவில்லாதது. பைலட் சாய்ச்சுத் திருப்பினப்ப இடது கன்னத்துல அனல், வலது காது குளிர்ல விறைக்குது. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காசு. வெயில் ஏறினதும் சிவப்பெல்லாம் மங்கிப்போச்சு, அதனால முதல் டிரிப்பையே பிடிங்க.

கடலோரக்கிளி:
ஒரு திருத்தம், ஹிலோல ஏறினா எப்பவும் குழம்பு தெரியும்னு இல்ல. 2024 டிசம்பர் 23ல இருந்து கீலவேயா விட்டு விட்டுத்தான் பொங்குது. இப்பல்லாம் ஒரு தடவை பொங்கினா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள அடங்கிடும், அப்புறம் நாள் கணக்குல ஓய்வு. ஓய்வு நாள்ல ஹெலிகாப்டர் ஏறினா கரிசக்காடு அண்ணன் 2019ல பார்த்த தார்தான். எரிமலை ஆய்வகம் தினமும் அறிக்கை போடுது, அதைப் பார்த்துட்டு பதிவு பண்ணுங்க. பொங்குறது உச்சிப் பள்ளத்துக்குள்ளங்கறதால தேசியப் பூங்கா விளிம்புல நின்னே பார்க்கலாம். நூறு மாடி உயரத்துக்கு எழும்பின நாளும் உண்டு.

பயணப்பை:
ரொம்ப நன்றி. அண்ணே, கதவில்லாததுல மூக்குக்கண்ணாடி பறந்துடாதா?

கரிசக்காடு:
பின்னாடி கயிறு கட்டிக்கங்க தங்கச்சி. தொப்பிய கீழயே வாங்கி வச்சுட்டாங்க. போன்ல எடுத்த படத்துல முக்கால்வாசி என் சீட் பெல்ட்டுதான், அதையும் மனசுல வச்சுக்கங்க.