ஆல்ட்டோ 800க்கு 13 இஞ்ச் ரிம், பட்டன் டயர்: மலைத் தோட்டத்துப் பாதைக்குச் சரிவருமா?

காப்பிக்காடு

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2016 மாடல் ஆல்ட்டோ 800. வீடு வத்தலக்குண்டில், தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே. காப்பியும் மிளகும், ஊடே கொஞ்சம் மலைவாழை. மலைப்பாதை முழுக்கத் தார் ரோடுதான், அதில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. தார் முடிந்து தோட்டத்து வீடு வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் போல மண் பாதை இருக்கிறது, அங்கேதான் தகராறு. வாழைத்தார் ஏற்ற வரும் ஜீப்பும் டிராக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் மேடு தட்டிவிட்டது. அந்த மேட்டில் அடிவயிறு உரசாமல் போகவே முடியாது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கடைசி ஏற்றத்தில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

டயர் நான்கும் தேய்ந்துவிட்டன, எப்படியும் மாற்றியாக வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகவே போட்டுவிடலாமே என்று நினைக்கிறேன். கடைக்காரர் ஒருவர் 13 இஞ்ச் ரிம்மும் 155/80 டயரும் போட்டால் வண்டி நன்றாகத் தூக்கிக்கொள்ளும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் டாடா ஏஸ் மினி லாரி டயரைப் போடு, பட்டன் (டயரின் மேல் இருக்கும் ரப்பர்க் கட்டி) பெரிது, சேற்றில் கடித்துக்கொண்டு ஏறும் என்கிறார். ஜீப் வாங்கு என்று யாரும் சொல்லாதீர்கள், இந்த வருடம் மிளகு விற்ற காசு பம்ப்செட்டுக்கே போய்விட்டது. போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செல்வம்

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அப்புறம் கடைக்குப் போகலாம். உங்கள் வண்டியில் கம்பெனி கொடுத்தது 145/80 R12, அதாவது அகலம் 145 மில்லி, பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 12 இஞ்ச். தரையிலிருந்து டயரின் உச்சி வரை 537 மில்லிமீட்டர் வரும். 155/80 R13 என்றால் 578. வித்தியாசம் 41 மில்லி. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏனென்றால் டயரின் நடுவில்தானே ஆக்சில் இருக்கிறது. ஆக இவ்வளவு செலவு செய்து கிடைப்பது இரண்டு சென்டிமீட்டர், உங்கள் சுண்டுவிரலைப் படுக்கவைத்தால் வரும் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நடு மேடு எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்தீர்களா? ஒரு சாண் இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் எதற்கும் காணாது.

இப்போது அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இது 796 சிசி எஞ்சின், டார்க், அதாவது சுழற்றும் விசை, 69 நியூட்டன் மீட்டர், அதுவும் 3500 சுற்றில்தான் முழுசாகக் கிடைக்கும். டயர் பெரிதானால் எல்லா கியரும் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும், தரையில் தள்ளும் விசை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். சமவெளியில் இது தெரியவே தெரியாது. ஆனால் நீங்கள் கேட்பதோ ஈரமண்ணில் முதல் கியரில் நின்று ஏற வேண்டிய இடம். இப்போதே அங்கே ஹாஃப் கிளட்சில்தான் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், இனி இன்னும் அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கும். பிளேட் கருகும் வாசனை வந்தால் புரிந்துகொள்ளுங்கள். பிரேக்கும் அப்படித்தான். டிரம், டிஸ்க் எல்லாம் அதே அளவு, சக்கரம் மட்டும் பெரிது, கனமும் கூட. வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பெடலைக் கூடுதலாக அழுத்த வேண்டிவரும்.

ரெனோ க்விட் காரில் கம்பெனியே 800 சிசிக்கு 155/80 R13 போட்டுத்தானே விட்டது என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் கியரும் சக்கரக் குழியும் அந்த டயருக்கென்றே செய்தவை. இன்னொன்று, அந்த ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அதற்கு மூன்றே நட்டு.

நான் என்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்ப்பேன். இவ்வளவு வருடம் உரமூட்டையும் காப்பி மூட்டையும் சுமந்த வண்டி. கம்பெனி சொன்ன 160 மில்லி கிரவுண்ட் கிளியரன்ஸ் இப்போது உங்கள் வண்டியில் இருக்காது. சமமான தரையில் நிறுத்தி, டயர் உச்சிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று முன்னும் பின்னும் பாருங்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்தால் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றினாலே தொலைந்துபோன உயரம் திரும்ப வந்துவிடும், அதில் எந்தக் கோளாறும் கிடையாது.

பண்ணைக்காடு ரைடர்

நான் போட்டிருக்கிறேன், அதனால் பேச எனக்கு உரிமை உண்டு :) ஆல்ட்டோ 800தான், 155/80 R13தான். செல்வம் அண்ணன் சொல்வதில் கணக்கு சரி, ஆனால் ரொம்பப் பயமுறுத்துகிறார். இரண்டு சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும். கல்லில் அடிபடுவதற்கும் படாமல் போவதற்கும் நடுவில் பல இடங்களில் அவ்வளவுதான் இடைவெளி. முன்பு சைலன்சர் தட்டிய இடங்களில் பாதியில் இப்போது தட்டுவதில்லை. குழியில் இறங்கி ஏறுவதும் மெத்தென்று இருக்கிறது, டயரில் காற்று நிற்கும் உயரம் கூடியிருக்கிறதல்லவா.

உரசல் உண்டு, மறைக்கவில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன் பம்பரின் பின்மூலையிலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் டயர் தேய்க்கும். கொண்டை ஊசி வளைவில் ஆள் ஏற்றிக்கொண்டு திரும்பினால் கர்கர் என்று கேட்கும். லைனரைச் சூடுகாட்டி உள்பக்கமாக வளைத்து, ஒரு கிளிப்பைத் தள்ளி மாட்டினேன், முக்கால்வாசி போய்விட்டது. ரிம் வாங்கும்போது நட்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், நடு ஓட்டையும் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், ரிம் வெளியே தள்ளிக்கொண்டும் நிற்கக் கூடாது. வெளியே தள்ளினால் பார்க்க ஜம்மென்று இருக்கும், பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும்.

ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64, 65ல் போய்க்கொண்டிருக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரும் குறைவாக ஓடும். மைலேஜ் போச்சே என்று நானும் அலறினேன், அதில் ஒரு பகுதி மீட்டர் குறைத்துக் காட்டுவது. மிச்சம் நிஜமாகவே போனதுதான்.

நாலுசக்கரம்

ஏஸ் டயர் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது 145 R12 LT (LT என்றால் சரக்கு வண்டி ரகம்), ஓம்னி வேனுக்கும் அதே அளவு வரும். R12 என்பதால் உங்கள் ரிம்மிலேயே ஏறும், புது ரிம் செலவு இல்லை. வண்டியின் உயரம் என்று பார்த்தால் ஒரே 3 மில்லிதான் கூடும், அதற்காக யாரும் போடுவதில்லை. பக்கச்சுவருக்காகப் போடுவார்கள். உங்கள் கம்பெனி டயர் ஒன்று 375 கிலோ தாங்கும் ரகம், பக்கச்சுவர் மெல்லியது, கூர்க்கல் குத்தினால் வீங்கிவிடும். LT டயர் சரக்கு வண்டிக்கானது, 6 பிளை, 8 பிளை (அடுக்கு பலம்) என்று வரும், கல்லுக்கு அசையாது.

ஆனால் அந்தக் கெட்டித்தனமே ஆல்ட்டோவுக்குப் பாரம். 750 கிலோகூட இல்லாத வண்டி, அந்தக் கனமான டயரை அமுக்கித் தரையோடு படியவைக்க வண்டியில் எடையே இல்லை. ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் ஓடுவதில் பெரும்பங்கு தார் மலைப்பாதை என்கிறீர்கள். ஒன்றரை கிலோமீட்டர் சேற்றுக்காக மற்ற நாற்பது வளைவிலும் பிடிமானத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலும் பின்சக்கரத்துக்கென்று வரும் ஆழமான பட்டன் ரகம் வேண்டவே வேண்டாம். ஏஸ் பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டி, உங்களுடையது முன்சக்கரத்தில் இழுத்து முன்சக்கரத்திலேயே திரும்பும் வண்டி.

நிஜமான பட்டன் டயர், அதாவது ஜிம்னி ஆட்கள் போடுகிற மாதிரி, 12, 13 இஞ்சில் இங்கே கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைப்பதெல்லாம் சரக்கு வண்டி டயர்தான்.

சட்டமும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. ஒரு டயருக்காக வழியில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பது வேறு விஷயம், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் விபத்தாகி இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் பேச்சு வரும். மேலே பண்ணைக்காட்டு நண்பர் கோபிக்க வேண்டாம், நான் சொல்வது பொதுவாக.

பண்ணைக்காடு ரைடர்

கோபமெல்லாம் இல்லை. பழைய ரிம் செட் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, எஃப்.சி.க்கு அதுதான் போகும்.

அட்டன் தோட்டம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலையகத்தில் ஆல்ட்டோ 800 நிறைய ஓடுகிறது, தோட்டத்து ரோட்டு எல்லாம் நீங்கள் சொல்கிற அதே கதைதான். கொழுந்து லொறி போய்ப் போய் நடுவில் முதுகு எழும்பியிருக்கும். இங்கே யாரும் பெரிய டயர் போடுவதில்லை அண்ணா, ஓட்டுகிற விதத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

பள்ளத்தில் இரண்டு சக்கரத்தையும் விட்டால் வயிறு இடிக்கத்தான் செய்யும். ஒரு பக்கத்துச் சக்கரத்தை நடு மேட்டிலும் மற்றதை ஓரத்துத் திட்டிலும் வைத்து ஓட்ட வேண்டும். வண்டி சாய்ந்து போகும், பரவாயில்லை. ஓரம் மழையில் இளகியிருக்கிறதா என்று மட்டும் முதலில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் சுற்றுகிறது என்றீர்களே, பின்சீட்டிலும் டிக்கியிலும் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறீர்களா? ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாயும், முன்சக்கரம் லேசாகிவிடும், சுற்றாமல் என்ன செய்யும். மூட்டையை முன்சீட்டிலும் அதன் காலடியிலும் வையுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால், இடம் இருந்தால், வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுங்கள். சிரிக்காதீர்கள். ரிவர்ஸில் இழுக்கும் சக்கரம் கீழ்ப்பக்கம் வந்துவிடும், பாரம் அதன்மேல் விழும், பிடித்துக்கொண்டு ஏறும். பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லது.

மண் தொடங்கும் இடத்தில் முன்டயரில் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிப் பாருங்கள். டயர் அகலமாகப் படியும். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்னப் பம்ப் ஒன்று வைத்துக்கொண்டால் திரும்பும்போது நிரப்பிக்கொள்ளலாம். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் இறங்கிவிட வேண்டாம்.

காப்பிக்காடு

எல்லோருக்கும் நன்றி. செல்வம் அண்ணன் சொன்னபடி அளந்தேன். முன்பக்கம் நான்கு விரல் போகிறது, பின்பக்கம் இரண்டுகூடச் சிரமம். பின்ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்பது பார்த்தாலே தெரிகிறது. மூட்டை விஷயமும் உண்மை, உரம் எப்போதும் டிக்கியில்தான். நடு மேட்டில் இடிக்கும் இடத்தையும் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் தட்டு பாதி கிழிந்து தொங்குகிறது, சம்ப்பின் (எஞ்சின் ஆயில் தொட்டியின்) அடியில் கல் கீறிய தடம் பளபளவென்று தெரிகிறது. ஓட்டை விழவில்லை.

இப்போது என் எண்ணம் இதுதான்: அதே 145/80 R12ல் கொஞ்சம் பட்டன் ஆழமான டயர் நான்கு, பின்ஸ்பிரிங், அப்புறம் சம்ப்புக்கு இரும்புத் தட்டு. ஸ்பிரிங் நடுவே ரப்பர் சொருகினால் போதும், புது ஸ்பிரிங் வேண்டாம் என்கிறார் இன்னொரு மெக்கானிக். அதுவும், ஸ்டெப்னி பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். இரண்டு டயர் மட்டும் 13 இஞ்சாக முன்னால் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஸ்பேனர் செல்வம்

அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்றால் வண்டியின் மூக்கு தூக்கி நிற்கும், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ஸ்டெப்னி 12 ஆகவே கிடக்கும். முன்னால் ஒன்று பஞ்சராகி அதை மாட்டினீர்கள் என்றால் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலேயே விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ராத்திரியில் மலை இறங்கும்போது அது தேவையா?

ரப்பர் பஃபர் வேண்டாம். ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அசையவிடாமல் கட்டிவைக்கிற வேலை அது, கெட்டியாகும், தூக்கிப்போடும், செத்த ஸ்பிரிங்குக்கு உயிர் வராது. இரண்டு பின்ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றுங்கள். இரும்புத் தட்டு அடிக்கும்போது ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தட்டைக் கழற்ற வேண்டும். 3 மில்லி தகடு போதும், 5 மில்லி போட்டால் முன்னால் கனம் ஏறி நீங்கள் தூக்கிய உயரத்தை அதுவே கொஞ்சம் தின்றுவிடும். தட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கட்டாயம் இருக்கட்டும்.

டயர் மாற்றிய கையோடு அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அந்த நடு மேட்டை மழை பிடிப்பதற்கு முன்னால் இரண்டு ஆளை வைத்து மண்வெட்டியால் சீவிவிட்டு, பள்ளத்தில் கல் போட்டு நிரப்பினால் இவ்வளவு பேச்சுக்கும் பாதி வேலை இல்லாமல் போகும்.

காப்பிக்காடு

அந்தப் பாதை மூன்று தோட்டத்துக்குப் பொது அண்ணே. ஆள் கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் பல வருடமாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டு பேரிடமும் பேசிப் பார்க்கிறேன். ஸ்பிரிங்குக்குத் திண்டுக்கல்லில் சொல்லியாகிவிட்டது.