கேமரா ஆப்ல ஓடிபி உயிர எடுக்குது, டூ ஸ்டெப்ப ஆஃப் பண்ணிடலாமா?

சந்தூர்_தோப்பு:

வணக்கம் மக்களே. நான் ஓசூர்ல கம்பெனி வேலை, அப்பா அம்மா சந்தூர் பக்கம் மாந்தோப்புலயே வீடு கட்டி இருக்காங்க. ரெண்டு கேமரா இருக்கு, ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒன்னு வீட்டு வாசல்ல, வைஃபைல ஓடுது. இன்னொன்னு தோப்பு கடைசில மோட்டார் கொட்டாய் பக்கத்து கம்பத்துல, சிம் போட்ட 4ஜி சோலார் கேமரா. போன சீசன்ல பெங்களூரா மாங்காய் மூட்டை மூட்டையா திருட்டு போச்சு, அது போதாதுன்னு மோட்டார் கேபிளயும் அறுத்துட்டு போய்ட்டானுங்க, அதுக்கப்புறம் தான் மாட்டினோம்.

வாசல் கேமரா அக்கவுண்ட் அப்பா நம்பர்ல இருக்கு. நான், அம்மா, பர்கூர்ல இருக்குற மாமா எல்லாரும் அதே ஐடி அதே பாஸ்வேர்டு தான். நான் உள்ள போனா மாமா வெளிய, மாமா போனா நான் வெளிய, ஆப் அப்டேட் ஆனா எல்லாரும் வெளிய. மறுபடி போகணும்னா ஓடிபி, அது போறது அப்பாவோட பட்டன் போனுக்கு. அவரு டவர் இல்லாத மூலைல மருந்து அடிச்சிட்டு இருப்பாரு. எப்படியோ புடிச்சு மெசேஜ் எங்க இருக்குன்னு சொல்லி, கண்ணாடிய தேடி எடுத்து போட்டு, "நாலு, ஏழு... இது மூணா எட்டாடா" ன்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். மறுபடி அனுப்புன்னு அமுக்குனா பழசும் புதுசும் ஒன்னா வந்து விழுது, அவரு ஏதோ ஒன்ன படிப்பாரு, தப்புன்னு வரும், அதுக்கு மேல போட்டா நாளைக்கு வான்னு பூட்டிக்குது. ராத்திரி நாய் குரைக்குது என்னன்னு பாருடான்னு அம்மா போன் பண்ணா நான் ஓடிபிக்கு அப்பாவ எழுப்பணும், அவரு எழுந்துட்டாருன்னா டார்ச்ச எடுத்துட்டு நேர்லயே போய் பாத்துடுவாரு, அப்புறம் எதுக்குங்க கேமரா?

தோப்பு கேமரா இதவிட மோசம். ஃபிட்டிங் பண்ண ஆளே அக்கவுண்ட் போட்டு அம்மா போன்ல லாகின் பண்ணி குடுத்துட்டு போனாரு. இப்ப அந்த போன் டிஸ்ப்ளே போய் புதுசு வாங்கியாச்சு. பாஸ்வேர்டு தெரியும், போட்டா 47ல முடியற நம்பருக்கு கோட் அனுப்பிருக்கோம்னு வருது. எங்க வீட்ல யாருக்கும் அப்படி ஒரு நம்பரே கிடையாது. ஃபிட்டர கேட்டா என்னுதும் இல்லன்றாரு. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டா உங்கள உறுதிப்படுத்த அந்த நம்பருக்கு வர்ற கோட சொல்லுங்கன்னு பதில் வருது, சிரிக்கறதா அழறதா தெரியல.

காய் பெருக்க ஆரம்பிச்சிடுச்சு. வாசல் கேமராவுக்காவது பாஸ்வேர்டுக்கு மேல ஓடிபியும் கேக்கற இந்த டூ ஸ்டெப்ப ஆஃப் பண்ணி தொலைச்சிடலாமா?

ராயக்கோட்டை_தக்காளி:

ஆஃப் பண்ணிடுங்க பாஸ். உங்க வாசல்ல நாய் படுத்திருக்கறத எவன் ஹேக் பண்ணி பாக்கப் போறான். பேங்க்குக்கு ஓடிபி கேட்டா நியாயம், மாட்டு கொட்டாய பாக்கறதுக்கும் ஓடிபின்னா என்ன அர்த்தம். கம்பெனிக்காரன் தப்பிச்சிக்க நம்மள பாடா படுத்துறான், அவ்ளோ தான்.

அரூர்_அக்கா:

தம்பி, ஆஃப் பண்ணாதீங்க. எவன் பாக்கப் போறான்னு தான் எல்லாரும் கேக்கறாங்க. 2019 டிசம்பர்ல அமெரிக்கால மிசிசிப்பில ரிங்னு ஒரு கம்பெனியோட வீட்டு கேமரா வழியா ஒருத்தன் 8 வயசு பொண்ணோட ரூம்ல பேசுனான், பெரிய நியூஸ் ஆச்சு. அந்த வீட்ல டூ ஸ்டெப் போடல. அந்த சமயத்துல நடந்த மத்த கேஸ்ங்கள்லயும் கம்பெனி சொன்ன காரணம், வேற எங்கயோ லீக் ஆன ஐடி பாஸ்வேர்டயே இங்கயும் வச்சிருந்தாங்கன்னு தான். 2020 பிப்ரவரில ரிங் டூ ஸ்டெப்ப எல்லாருக்கும் கட்டாயம் பண்ணாங்க, கூகுளோட நெஸ்ட் கேமராவுக்கும் அதே வருஷம் பண்ணாங்க. உங்க ஊர் திருடனுக்கு ஹேக்கிங் தெரிய வேணாம், ஆனா லீக் ஆன லிஸ்ட்ட வச்சு மெஷின் பாட்டுக்கு ஒவ்வொன்னா போட்டு பாத்துட்டே இருக்கும், அதுக்கு சந்தூரும் ஒன்னு தான் சிகாகோவும் ஒன்னு தான். வாசல் கேமராவுல என்ன தெரியும்னு யோசிங்க. அப்பா எப்ப கிளம்புறாரு, எப்ப வீடு பூட்டி இருக்கு, அம்மா எப்ப தனியா இருக்காங்க, எல்லாமே தெரியும்.

அப்புறம் நாலு பேரு ஒரே ஐடில ஏறறது தான் உங்க பாதி தொல்லை. ஆப்ல கேமரா பேர தொட்டு உள்ள போனா ஷேர்னு ஒன்னு இருக்கும் பாருங்க. நீங்க, மாமா, அம்மா ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் அவங்கவங்க நம்பர்ல போட்டுக்குங்க, அப்பா அக்கவுண்ட்ல இருந்து ஷேர் பண்ண சொல்லுங்க. ஓடிபி அவங்கவங்க போனுக்கே வரும், ஒருத்தரு ஏறுனா இன்னொருத்தரு கீழ விழ மாட்டாங்க. யாருக்கு லைவ் மட்டும், யாருக்கு பழைய ரெக்கார்டிங்கும்னு பிரிச்சு குடுக்கற வசதி கூட நிறைய ஆப்ல இருக்கு. மாமாவுக்கு லைவ் மட்டும் குடுத்தா போதும்னு நினைக்கிறேன், அது உங்க குடும்ப விஷயம் :)

தருமபுரி_கேமரா_ஃபிட்டர்:

அக்கா சொன்னது கரெக்ட். நான் தோப்பு கேமராவுக்கு மட்டும் சொல்றேன்.

தம்பி அந்த 47, கம்பத்து மேல கேமராக்குள்ள இருக்கற சிம்மோட நம்பரான்னு பாருங்க. நான் பாத்த வரைக்கும் 4ஜி கேமராவுல இது சகஜம். ஃபிட்டிங்குக்கு போற பையன் கைல புது சிம் இருக்கும், ஆப் நம்பர் கேக்கும், வீட்டுக்காரங்க யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க, சிம்ம தன் போன்ல போட்டு ஆக்டிவேட் ஆச்சான்னு பாக்கறப்பவே அதுலயே அக்கவுண்டும் போட்டுட்டு அப்படியே கழட்டி கேமராவுல சொருகிடுவான். அதுக்கப்புறம் ஓடிபி எல்லாம் ஒழுங்கா போய் கம்பத்து மேல சேருது, படிக்க தான் ஆள் இல்ல. இதாவது பரவால்ல, சில பேரு வேணும்னே தன் சொந்த நம்பர்ல போட்டு வச்சிப்பாங்க, அடுத்த சர்வீஸ் அவங்ககிட்டயே வரணும்னு. எங்க லைன்ல இருக்கறவங்க கோவிச்சிப்பாங்க, ஆனா அது ரொம்ப தப்புங்க, அவன் வீட்ல உக்காந்து உங்க வீட்ட பாக்கலாம்.

கேமராவ ஆஃப் பண்ணிட்டு சிம்ம எடுத்து போன்ல போடுங்க. ஜியோவா இருந்தா அதுல 2ஜி கிடையாது, அப்பாவோட சாதா பட்டன் போன்ல எடுக்காது, ஸ்மார்ட் போன்ல போடுங்க. அதுல இருந்து உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா நம்பர் தெரிஞ்சிடும். ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா முதல்ல அத போடுங்க, ப்ரீபெய்டு சிம் 90 நாள் சும்மா கிடந்தா நம்பர கட் பண்ணிடலாம், அப்புறம் அது வேற யாருக்காவது போய்டும், உங்க ஓடிபியும் அவங்களுக்கு தான் போகும். 47 தான்னா லாகின் பண்ணி உள்ள போனவுடனே செட்டிங்ஸ்ல நம்பர உங்களுக்கோ அம்மாவுக்கோ மாத்திடுங்க, மெயில் ஐடியும் சேத்து வைங்க. திரும்ப சிம் சொருகுறப்ப அந்த ரப்பர் மூடிய நல்லா அமுக்கி மூடுங்க, அரைகுறையா விட்டா முதல் மழைலயே தண்ணி இறங்கிடும்.

ரீசெட் பட்டன அமுக்குனா சரியாய்டும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. பல கம்பெனில கேமரா முதல்ல ஏறுன அக்கவுண்ட்டோட சர்வர்லயே கட்டி இருக்கும், ரீசெட் பண்ணா வைஃபை செட்டிங் தான் போகும், வேற அக்கவுண்ட்ல சேக்க போனா ஏற்கனவே ஒருத்தரோடதுன்னு வரும். சிம் வழி நடக்கலன்னா பில்லோட, கேமரா அடில ஒட்டியிருக்கற சீரியல் நம்பர் ஸ்டிக்கரோட போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பி கழட்டி விட சொல்லணும், அதுக்கு நாள் புடிக்கும்.

இதுக்கு நடுவுல பயப்படாதீங்க, நீங்க லாகின் ஆகலன்னாலும் மெமரி கார்டு இருந்தா அதுல பதிவாகிட்டு தான் இருக்கும்.

சந்தூர்_தோப்பு:

அண்ணே நீங்க சொன்னது தான். ஞாயித்துக்கிழமை ஏணி போட்டு ஏறி கழட்டினேன், அதே 47. போன்ல போட்டவுடனே பழைய ஓடிபியா கொட்டுது, டிங் டிங்னு நிக்கவே இல்ல, அம்மா யாருடா இவ்ளோ மெசேஜ் அனுப்புறாங்கன்னு கேக்கறாங்க. நம்பர் மாத்தியாச்சு. மெமரி கார்டும் ஓடிட்டு தான் இருந்துச்சு, பாதி ரெக்கார்டிங் மயில் தான்.

ஒரு குழப்பம், சிம் யார் பேர்ல இருக்குன்னு பாத்தா ஃபிட்டர் பேர்ல. இது பிரச்சனை ஆகுமா?

தருமபுரி_கேமரா_ஃபிட்டர்:

ஆகும். சிம் கெட்டு போச்சுன்னா டூப்ளிகேட் வாங்க அவரு தான் போகணும். சீசனுக்கு முன்னாடியே உங்க பேர்ல வேற சிம் வாங்கி சொருகிட்டு இத அவர்கிட்டயே குடுத்துடுங்க, அக்கவுண்ட் இப்ப உங்க நம்பர்ல இருக்கறதால கேமரா சிம் மாறுனா லாகினுக்கு ஒன்னும் ஆகாது. ஆனா அப்பாவோட நம்பருக்கு எப்பவாவது டூப்ளிகேட் சிம் வாங்குனா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, சிம் திருட்டு மோசடிய தடுக்க வச்ச ரூல் அது. அந்த நேரத்துல ஆப்ப லாகவுட் பண்ணிடாதீங்க.

ராயக்கோட்டை_தக்காளி:

சரி நான் ஆஃப் பண்ண சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா ஒரு கேள்வி. டவரே இல்லாத எடத்துல, எஸ்எம்எஸ்க்கு பதிலா போன்லயே கோட் காட்டுற இந்த ஆத்தென்டிகேட்டர் ஆப் வேலை செய்யுமா? எங்க தோட்டத்துல வைஃபை இருக்கு, போன் டவர் சுத்தமா இல்ல.

அரூர்_அக்கா:

செய்யும். அது எஸ்எம்எஸ் மாதிரி எங்கிருந்தும் வர்றது இல்ல, முதல்ல க்யூஆர் ஸ்கேன் பண்றப்பவே ஒரு ரகசிய கீ உங்க போன்ல ஏறிடும், அதையும் போன்ல ஓடுற கடிகாரத்தையும் வச்சு 30 செகண்டுக்கு ஒரு தடவ போனே கணக்கு போட்டு 6 இலக்கம் காட்டும், நெட்டே வேணாம். போன்ல டைம் ஆட்டோமேட்டிக்ல இருக்கணும், கைல மாத்தி வச்சா கோட் தப்புன்னு வரும். போன் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு தானே அடுத்து கேப்பீங்க, ஆன் பண்றப்ப பேக்கப் கோட் சிலது குடுத்தா அத பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டோட வைங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வைக்காதீங்க. ஆனா எல்லா கேமரா ஆப்லயும் இந்த ஆப்ஷன் இல்ல, நிறைய பேரு எஸ்எம்எஸ், மெயில் ரெண்டு தான் வச்சிருக்காங்க. அப்படின்னா மெயில போடுங்க, உங்க தோட்டத்து வைஃபைலயே வந்துடும்.

சந்தூர்_தோப்பு:

வாசல் கேமராவும் மெயிலுக்கு மாத்திட்டேன் அக்கா. ஷேரும் குடுத்தாச்சு. மாமாவுக்கு லைவ் மட்டும் தான், ரெக்கார்டிங் ஏன் வரலன்னு கேட்டு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு, நெட் ஸ்லோன்னு சொல்லி வச்சிருக்கேன்.